டவருக்குக் கண் முளைத்தால் பில் யாருக்கு?

கே: 6ஜி வந்தால் செல்போன் டவரே ரேடார் வேலையும் பார்க்குமாமே, நிஜமா?
— டவர் பக்கத்து வீட்டுக்காரர், திண்டுக்கல்

ப: பார்க்கும். டவரிலிருந்து கிளம்பும் அலை உங்கள் போனைத் தேடி மட்டும் வருவதில்லை. பஸ், மதில், மாடு, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி என்று எதிலும் பட்டுத் தெறிக்கிறது. இத்தனை நாள் அந்தத் தெறிப்பைத் தொல்லை என்று ஒதுக்கினார்கள். இனி அதையே காது கொடுத்துக் கேட்டு, எந்தப் பொருள் எங்கே இருக்கிறது, எந்த வேகத்தில் நகர்கிறது என்று கணக்கிடப் போகிறார்கள். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2023 நவம்பரில் 6ஜிக்கென வகுத்த ஆறு வகைப் பயன்பாடுகளில் 'சென்சிங்' எனப்படும் இதற்கும் ஓர் இடம் கொடுத்துவிட்டது. முடியுமா என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பில்லை யார் பெயரில் போடுவது என்று கேட்டால்தான் ஆளாளுக்கு அடுத்தவர் முகத்தைப் பார்க்கிறார்கள்.

கே: இது என்ன புது யோசனையா?
— பழைய ரேடியோக்காரர், தஞ்சாவூர்

ப: ரேடாருக்கே மூத்த யோசனை. 1924 டிசம்பரில் எட்வர்ட் ஆப்பிள்டன், பிபிசியின் போர்ன்மவுத் ஒலிபரப்பு அலையை வைத்தே, வானில் ரேடியோவைத் திருப்பி அனுப்பும் அடுக்கு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்தார். 1935 பிப்ரவரி 26 அன்று ராபர்ட் வாட்சன்-வாட்டும் அர்னால்டு வில்கின்ஸும் ஒரு வேனில் ரிசீவரை வைத்துக்கொண்டு வயல்வெளியில் உட்கார்ந்தார்கள். டேவன்ட்ரியில் இருந்த பிபிசி சிற்றலை நிலையம் வழக்கம்போல அலை அனுப்பிக்கொண்டிருந்தது. மேலே பறந்த ஹேஃபோர்டு குண்டுவீச்சு விமானத்தில் பட்டுத் திரும்பிய அலை, சுமார் 8 மைல் தூரம்வரை அவர்களுடைய திரையில் தெரிந்தது. பிரிட்டனின் ரேடார் பிறந்ததே இரவல் டிரான்ஸ்மிட்டரில்தான்.

அடுத்து நடந்ததைத்தான் இன்று யாரும் எடுத்துச் சொல்வதில்லை. சோதனை பலித்ததும் அவர்கள் பிபிசியையே நம்பி உட்காரவில்லை. கடற்கரை நெடுகத் தங்களுக்கென்றே தனிக் கோபுரங்கள் எழுப்பினார்கள். தவறினால் ஊரே எரியும் என்கிற வேலைக்கு எவனும் இரவல் கருவியை வைத்துக்கொள்ள மாட்டான். இந்தப் பகுதியில் இந்த விஷயம் இன்னும் இரண்டு தடவை வரும்; இப்போதே சொல்லி வைக்கிறேன்.

கே: ஒரே செலவில் இரண்டு சரக்கு. லாபம் கண்ணுக்குத் தெரிகிறதே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது?
— கணக்குப்பிள்ளை, காரைக்குடி

ப: செக்கில் எள்ளைப் போட்டால் எண்ணெயும் வருகிறது, புண்ணாக்கும் வருகிறது. ஆட்டிய கூலியில் எண்ணெய்க்கு எவ்வளவு, புண்ணாக்குக்கு எவ்வளவு? எப்படிப் பிரித்தாலும் ஒருவர் சண்டைக்கு வருவார், ஏனென்றால் சரியான பிரிப்பு என்று ஒன்று கிடையாது. தனித்தனியாகச் செய்வதைவிடச் சேர்த்துச் செய்வது மலிவு என்ற இந்தக் கணக்கை ஜான் பன்சார், ராபர்ட் வில்லிக் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளியலாளர்கள் 1981-ல் ஒரு கட்டுரையில் முறைப்படுத்தினார்கள். மலிவு என்று நிறுவுவது சுலபம். விலை வைப்பதுதான் தலைவலி. சென்சிங்குக்கு விலை குறைவாக வைத்தால், "என் ரீசார்ஜ் காசில் ஏர்போர்ட்டுக்குக் காவல் பார்க்கிறாயா?" என்று நீங்கள் கேட்பீர்கள். கூட்டி வைத்தால், "இதற்கு நானே ஒரு ரேடார் வாங்கிக்கொள்வேனே" என்று ஏர்போர்ட் கிளம்பிவிடும். இந்த இரண்டு விலைக்கும் நடுவே இருக்கிற இடைவெளிதான் மொத்த வியாபாரமும். அது அகலமா ஒடுக்கமா என்பது ஊருக்கு ஊர் மாறும்.

கே: அப்போது என் ரீசார்ஜ் குறையுமா?
— நம்பிக்கை இழக்காதவர், நாமக்கல்

ப: பெயருக்கு ஏற்ற ஆள் நீங்கள். துணைப்பொருளில் வரும் காசு வாடிக்கையாளர் பக்கம் சாய வேண்டுமானால், கடைகளுக்குள் போட்டி பலமாக இருக்க வேண்டும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது இருந்த கடைகளை ஒரு பக்கமும் இன்று இருப்பவற்றை ஒரு பக்கமும் எழுதிப் பாருங்கள். பதில் தானாக வரும்.

கே: டவர் இருக்கிறது, கரண்ட் இருக்கிறது, அலையும் இருக்கிறது. ஒரு சாஃப்ட்வேர் போட்டால் முடிந்ததே. "செலவு, செலவு" என்று ஏன் பயமுறுத்துகிறீர்கள்?
— பிரவுசிங் சென்டர் ஓனர், தேனி

ப: விற்பனைப் பிரதிநிதி உங்களையும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார் போலிருக்கிறது. நாலு சங்கடம் இருக்கிறது.

போனுக்குப் போகும் அலை ஒரு வழிப் பயணம். தூரம் இரட்டிப்பானால் சேரும் சக்தி நாலில் ஒரு பங்காகும். பொருளில் பட்டுத் திரும்பும் அலைக்குப் போக வர இரண்டு பயணம். அங்கே தூரம் இரட்டிப்பானால் கைக்கு வருவது பதினாறில் ஒரு பங்கு. ஆக, நீங்கள் பேசுவதற்குப் போதுமான இடைவெளியில் நட்ட டவர்கள், பார்ப்பதற்குப் போதாமல் போகலாம். நடுவில் இன்னொன்று நட வேண்டும். அதற்கு இடவாடகை, கரண்ட், பஞ்சாயத்து எல்லாம் புதிதாக ஆரம்பம்.

இன்றைய 5ஜி டவர் பெரும்பாலும் ஒரு நேரத்தில் பேசும், மறுநேரத்தில் கேட்கும். ரேடாரோ பேசும்போதே கேட்டாக வேண்டும். பக்கத்தில் இருக்கும் பொருளின் எதிரொலி, வாயை மூடுவதற்குள் வந்துவிடும். சொந்தச் சத்தத்தில் காது அடைக்காமல் இருக்கத் தனி ரிசீவர் பலகை வேண்டும்.

"அடுத்த டவரைக் கேட்க விடலாமே" என்பீர்கள். விடலாம். ஆனால் அக்கம்பக்கத்து டவர்களின் கடிகாரங்கள் 3 மைக்ரோ விநாடிவரை முன்பின் இருக்கலாம் என்பது இப்போதைய 5ஜி விதி. பேசுவதற்கு அது தாராளம். ஆனால் அந்த நேரத்தில் அலை 900 மீட்டர் போய்விடும். ட்ரோன் கோயில் கோபுரத்துக்கு மேலா, பஸ் ஸ்டாண்டுக்கு மேலா என்று அந்தக் கடிகாரத்தை நம்பிச் சொன்னால் போலீஸ் தப்பான ஊருக்குப் போகும்.

கடைசியாக, டவர் ஆன்டெனாவை அண்ணாந்து பாருங்கள். கொஞ்சம் தலை குனிந்தபடி நிற்கும். வாடிக்கையாளர் தரையில் இருப்பதால் அப்படி மாட்டியிருக்கிறார்கள். ட்ரோன் பறப்பது தலைக்கு மேல்.

கே: ராத்திரி வீடியோ சுற்றும்போது, சென்சிங்கும் சேர்ந்து என் ஸ்பீடைத் தின்னுமா?
— பஃபரிங் பக்தர், பல்லாவரம்

ப: விடியற்காலை 3 மணிக்கு நெட்வொர்க் கொட்டாவி விடும். அப்போது சென்சிங்குக்குக் கூடுதல் செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ராத்திரி 9 மணிக்கு, அதற்கு ஒதுக்கும் ஒவ்வொரு துளியும் யாரோ ஒருவரின் வீடியோவிலிருந்து பிடுங்கியது. ஆகவே நேரத்துக்குத் தக்க விலை வைப்பதுதான் நியாயம். பாழாய்ப்போன விஷயம் என்னவென்றால், சாலை நெரிசலை அளக்க வேண்டிய நேரமும், அந்த நெரிசலில் மாட்டியவர்கள் எல்லாரும் ரீல்ஸ் பார்க்கிற நேரமும் ஒன்றேதான். சரக்குக்குக் கிராக்கி வரும்போதுதான் அதைச் செய்யும் செலவும் ஏறுகிறது. இதற்கு மேல் நெரிசல் விவரத்தைக் கூகுள் மேப்ஸ் வேறு நம் போன்கள் நகர்வதை வைத்தே இலவசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. இலவசத்தோடு போட்டி போட்டு ஜெயித்த கடையை எனக்குத் தெரியாது.

கே: இதற்கு எந்த அலைக்கற்றை நல்லது? ஏலத்தில் கொடுத்த கோடிகள் இப்போதாவது திரும்புமா?
— 2ஜி காலத்திலிருந்து பேப்பர் படிப்பவர், விருதுநகர்

ப: இந்த வாரத்தின் நல்ல கேள்வி. அருகருகே இருக்கும் இரண்டு பொருள்களை இரண்டென்று பிரித்துப் பார்க்க, அலைக்கற்றை எவ்வளவு அகலம் என்பதுதான் முக்கியம். 100 மெகாஹெர்ட்ஸ் இருந்தால் ஒன்றரை மீட்டர் இடைவெளியைப் பிரிக்கலாம். 1,000 மெகாஹெர்ட்ஸை ஒரே மூச்சில் பயன்படுத்த முடிந்தால் 15 சென்டிமீட்டர்.

இப்போது 2022 ஏலத்துக்கு வாருங்கள். நாடு முழுமைக்கும் சேர்த்து 3.3 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒரு மெகாஹெர்ட்ஸ் அடிப்படை விலை 317 கோடி ரூபாய். 26 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 6.99 கோடி. அதாவது ஒன்றரை மீட்டர் பார்வைக்கு 31,700 கோடி. 15 சென்டிமீட்டர் பார்வைக்கு 6,990 கோடி. பேச்சுக்கு உசத்தியான நிலம் பார்வைக்குச் சுமார். பேச்சுக்குத் தரிசாகக் கிடப்பது பார்வைக்கு நஞ்சை. அந்தத் தரிசை 2024 ஏலத்தில் சீந்த ஆளில்லை. 2022-ல் 212 கோடிக்கு அதில் ஒரு துண்டு வாங்கிய அதானி நிறுவனமும் 2025-ல் ஏர்டெல்லுக்குக் கைமாற்றிவிட ஒப்பந்தம் போட்டது.

உடனே துள்ள வேண்டாம். 26 கிகாஹெர்ட்ஸ் அலை வேப்பமரத்தைத் தாண்டவே யோசிக்கும். குறுகிய தூரம், நிறைய டவர். ஆனாலும் என் கண்ணில் உறுத்துவது வேறு. அந்த உரிமம் 20 வருஷத்துக்கு. ஏலத்தில் விலை சொன்னவர்கள் பேச்சையும் டேட்டாவையும் மனதில் வைத்துச் சொன்னார்கள். நடுவில் அதே கற்றை பார்க்கவும் ஆரம்பித்து அதில் காசும் கொட்டினால், அரசு ஒரு நிலத்தை விற்றுவிட்டு அடியில் இருந்த கிரானைட்டைக் கணக்கில் விட்ட மாதிரி ஆகும். அப்படிப் பார்க்க அந்த உரிமம் இடம் கொடுக்கிறதா என்று ஒரு வழக்கும் வரலாம். சர்வதேச வானொலி விதிகளில் செல்பேசிச் சேவை ஒரு கணக்கு, ரேடார் வகைச் சேவை தனிக் கணக்கு.

கே: சரி, காசு கொடுத்து வாங்கப்போவது யார்? பெயரைச் சொல்லுங்கள்.
— முதலீட்டாளர், அண்ணாநகர்

ப: எல்லாரும் முதலில் கைகாட்டுவது ட்ரோனை. 2018 டிசம்பரில் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் ட்ரோன் தெரிந்ததாகச் சொல்லி ஓடுபாதையை மூடியதில் சுமார் 1,000 விமானங்களும் 1,40,000 பயணிகளும் சிக்கினார்கள். அதைப் பார்த்த எந்த விமான நிலையமும் காசு கொடுக்கும். ஆனால் டவரை நம்பாது. தனக்கே ஒரு கருவி வாங்கி மாட்டும். டேவன்ட்ரி கதை, முதல் தடவை.

டவருக்கு இடமிருப்பது ஊர் முழுக்க ஆயிரம் ட்ரோன் பொட்டலம் தூக்கிக்கொண்டு பறக்கும் இடத்தில். தெருவுக்குத் தெரு தனி ரேடார் வைப்பது கட்டுப்படியாகாது. சீனா அந்தக் கணக்கைத்தான் போட்டிருக்கிறது. தாழ்வான வானத்தில் நடக்கும் வணிகத்தை 2024 மார்ச்சில் அரசின் ஆண்டறிக்கையிலேயே வளர்ச்சிக்குரிய துறையாகச் சேர்த்தார்கள். அது 2035-ல் 3.5 லட்சம் கோடி யுவான் ஆகும் என்பது அவர்களுடைய விமானப் போக்குவரத்து ஆணையத்தின் மதிப்பீடு. சைனா மொபைலும் ஹுவாவேயும் ட்ரோனைப் பார்க்கும் டவர்களைச் சோதித்து வருகின்றன. அங்கே டவர் நிறுவனமும் அரசுடையது, வானமும் அரசுடையது. ஒரு சட்டைப் பையிலிருந்து எடுத்து இன்னொரு பையில் போடலாம். மற்ற நாடுகளில் சட்டை வேறு வேறு ஆள் போட்டிருக்கிறார்கள்.

கே: மழையை டவர் அளக்கும் என்று படித்தேன். கதைதானே?
— மானாவாரி விவசாயி, கோவில்பட்டி

ப: கதை இல்லை, இந்த விஷயத்தில் உண்மையிலேயே வேலை செய்து காட்டிய உதாரணம் இதுதான். டவருக்கும் டவருக்கும் நடுவே வட்டத் தட்டு மாதிரி மைக்ரோவேவ் ஆன்டெனா பார்த்திருப்பீர்கள். மழை பெய்தால் அந்த இணைப்பில் சிக்னல் மங்கும். எவ்வளவு மங்கியது என்பது நெட்வொர்க் பராமரிப்புக்காக எப்படியும் கம்ப்யூட்டரில் பதிவாகிக்கொண்டிருக்கும். அந்தப் பதிவைத் திருப்பிப் படித்தால் மழை எவ்வளவு என்று கணக்கிடலாம் என டெல் அவீவ் பல்கலைக்கழகத்தின் ஹாகித் மெசரும் அவர் சகாக்களும் 2006-ல் 'சயின்ஸ்' இதழில் காட்டினார்கள். 2013-ல் நெதர்லாந்துக்காரர்கள் சுமார் 2,400 இணைப்புகளை வைத்து நாடு முழுமைக்கும் மழை வரைபடமே போட்டார்கள். பக்கத்தில் இலங்கையிலும் இதே முறையைச் செய்து பார்த்து 2021-ல் வெளியிட்டிருக்கிறார்கள்.

கூடுதல் கருவி இல்லை, கூடுதல் அலை இல்லை, கூடுதல் கரண்ட் இல்லை. செலவு பூஜ்யத்துக்குப் பக்கம். பயனோ மழைமானி இல்லாத ஊர்களுக்கெல்லாம். இவ்வளவு இருந்தும் இது ஏன் பெரிய வியாபாரமாகவில்லை? மழை விவரம் யாருக்கு மிகவும் தேவையோ, அவரிடம், அதாவது உங்களிடம், காசு இல்லை. காசு தரக்கூடிய பயிர்க் காப்பீட்டுக்காரர், விவரம் நம்பகமா என்று பார்க்காமல் தர மாட்டார். பார்த்துவிட்டால் பிறகு எதற்குத் தருவார்? தகவலை விற்பவனின் நிரந்தரச் சிக்கல் இது. நிறுவனங்களுக்கும் தயக்கம்: எந்த இணைப்பு எங்கே இருக்கிறது என்பதை வெளியே கொடுத்தால் போட்டியாளர் நெட்வொர்க்கின் எலும்புக்கூட்டையே பார்த்துவிடுவார்.

இதைவிட வேடிக்கை: ஊருக்கு ஃபைபர் வந்துவிட்டால் அந்தத் தட்டைக் கழற்றிவிடுவார்கள். இன்டர்நெட் வேகமாகும், மழைமானி போய்விடும்.

இதில் வானிலைத் துறைதான் வாங்குபவராக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒரே ஆள் மொத்தமாக வாங்கி எல்லாருக்கும் திறந்துவிடலாம். ஒருவர் படித்ததால் மழை விவரம் தீர்ந்துபோவதில்லை.

கே: ரயிலில் யானை அடிபடாமல் காப்பாற்ற இது உதவுமா?
— வாளையார் வழிப் பயணி, கோவை

ப: மதுக்கரையில் 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு வனத்துறை 7 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு 12 கோபுரங்களில் வெப்பக் கேமராக்களை மாட்டியது. யானை தண்டவாளத்தை நெருங்கினால் எச்சரிக்கை போகும். பக்கத்து செல்போன் டவரிடம் கேட்டிருக்கலாமே என்றால், இரண்டு காரணம். டவர்கள் ஆட்கள் இருக்கும் இடத்தில் முளைக்கும். யானைகள் ஆட்கள் இல்லாத இடத்தில் நடக்கும். அப்புறம், ரேடாருக்கு யானை என்பது அசையும் பெரிய பொட்டலம். கேமராவுக்கு அது யானை. நள்ளிரவில் சரக்கு லாரியைப் பார்த்து ரயிலை நிறுத்தினால், மூன்றாம் தடவை டிரைவர் நிறுத்த மாட்டார். தவறக் கூடாத இடம் என்பதால் தனிக் கருவி. டேவன்ட்ரி, இரண்டாம் தடவை.

கே: மூன்று கம்பெனி டவரும் எங்கள் தெருவில். மூன்றும் ஒரே பஸ்ஸைப் பார்க்குமா?
— சிக்கனக்காரர், சிவகாசி

ப: பார்க்கும், மூன்று பேரும் அதே பஸ்ஸை நகராட்சிக்கு விற்க வருவார்கள். முதலில் வந்தவரிடம் வாங்கியபின் மற்ற இருவருடைய சரக்குக்கு மதிப்பில்லை. விலை தரைக்கு வரும். அதைத் தவிர்க்க மூவரும் சேர்ந்து ஒரே கடை போட்டால் துல்லியம் கூடும், ஏனென்றால் மூன்று கோணம். விலையும் கூடும், ஏனென்றால் ஒரே கடை. போட்டி ஆணையத்துக்கு அங்கே வேலை வரும்.

கே: சென்சிங்கில் வரும் வருமானத்துக்கும் அரசு பங்கு கேட்குமா?
— ஓய்வுபெற்ற டெலிகாம் ஊழியர், வேலூர்

ப: தெரிந்துகொண்டே கேட்கிறீர்கள். எது டெலிகாம் வருமானம், எது இல்லை என்ற சண்டையில் 2019 அக்டோபர் 24 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பில் கம்பெனிகளுக்கு வேர்த்துக் கொட்டியது. 2021 செப்டம்பரில், இனிமேல் டெலிகாம் அல்லாத வருமானத்தைப் பங்கு கேட்கும் கணக்கில் சேர்ப்பதில்லை என்று அரசு இறங்கி வந்தது. அப்படியானால் அலைக்கற்றையைக் கொண்டு மழை அளந்து விற்ற காசு டெலிகாமா, வானிலையா? பிள்ளையை வக்கீலுக்குப் படிக்க வைத்திருந்தால் கவலைப்படாதீர்கள்.

கே: டெலிகாம் கம்பெனிகளே இதைக் கேட்கின்றனவா, கருவி விற்பவர்கள் தலையில் கட்டுகிறார்களா?
— சந்தேகப் பிராணி, சேலம்

ப: 6ஜி என்ற பெயரில் டவர் கருவிகளை மறுபடி மாற்றச் சொல்லாதீர்கள் என்று உலகின் பெரிய ஆபரேட்டர்கள் கூடும் என்ஜிஎம்என் கூட்டமைப்பு 2023-லேயே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டது. 5ஜிக்குப் போட்ட காசே முழுசாகத் திரும்பவில்லை என்பது அவர்கள் மனக்குறை. நான் மேலே சொன்ன தனி ரிசீவர் பலகை எந்தப் பட்டியலில் வரும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: போனை வீட்டில் வைத்துவிட்டு வெளியே போனால் தப்பிக்கலாமா?
— சின்ன வீடு இல்லாதவர் (நம்புங்கள்), கும்பகோணம்

ப: நம்புகிறேன். தப்பிக்க முடியாது. அலை பட்டுத் தெறிக்க உங்கள் உடம்பு போதும். நீங்கள் அவர்கள் வாடிக்கையாளராகக்கூட இருக்க வேண்டாம். வெறும் புள்ளியாகத் தெரிவதுவரை அது தனிநபர் விவரம் இல்லை என்று வாதாடுவார்கள். 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அடையாளம் காணக்கூடிய ஆளைப் பற்றிய தரவைத்தான் பேசுகிறது. ஆனால் நகரும் புள்ளியும், ஆதாரோடு வாங்கிய சிம்மின் இருப்பிடமும் ஒரே கம்பெனியின் கையில் இருக்கும்போது, இரண்டையும் பொருத்திப் பார்க்க எவ்வளவு நேரம் பிடிக்கும்?

வீட்டுக்குள் இது வந்தே விட்டது. அமெரிக்காவில் காம்காஸ்ட் நிறுவனம் தன் வைஃபை பெட்டி மூலமே வீட்டில் ஆள் நடமாட்டத்தைச் சொல்லும் வசதியை 2025-ல் கூடுதல் கட்டணமின்றிக் கொடுத்தது. காவல்துறை விசாரணைக்காக அந்த விவரத்தை உங்களுக்குத் தெரிவிக்காமலே பகிரலாம் என்று விதிமுறையில் ஒரு வரியும் இருந்தது. இலவசம் என்றதும் அந்த வரியை யார் படிப்பார்கள்? இந்த வியாபாரத்தில் செலவுக் கணக்கில் வராத ஒரே மூலப்பொருள் நாம்தான். கணக்கில் ஏற்றச் சொல்லிக் கேட்க வேண்டியவரும் நாம்தான். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கருத்துக் கேட்கும்போது நாலு வரி எழுதிப் போடுங்கள்.

கே: அப்படியானால் இப்போது 5ஜி போன் வாங்கலாமா, 6ஜிக்குக் காத்திருக்கலாமா?
— உடைந்த டிஸ்ப்ளே, உடுமலை

ப: வாங்குங்கள். 6ஜி 2030 வாக்கில் என்கிறார்கள். அதுவரை அந்த டிஸ்ப்ளேயில் தேய்த்தால் விரலில் தையல் போட வேண்டி வரும்.